பெல்ட் அயச்சிட்டுண்டு

சும்மா ஓடும்போது என் பானைச் சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை. பெடலை மிதித்தால் தட்டு சுழலும். அழுத்தி மிதித்தால் வேகம் கூடும், காலை எடுத்தால் பைய நிற்கும். ஒரு தேங்காய் அளவு மண்ணைத் தட்டின் நடுவில் அடித்து ஒட்டி, தண்ணீர் தொட்டு, இரண்டு கையாலும் அழுத்தும்போதுதான் சங்கதி தெரியும். அடியில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே தட்டு நின்றுவிடும். கைக்குள் மண் அசையாமல் குளிர்ந்து கிடக்கும்.

அந்தக் குறையைத் தேடி நான் பதினொரு நாள் செலவழித்தேன். சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பதினொரு நாளில் எங்கள் வீட்டில் வேறொன்று இறுகிப்போனது.

சக்கரம் புதிதல்ல. வெளிநாட்டுக்குக் குடிபோகிற ஒரு குடும்பம் நெய்யாற்றின்கரையில் வீட்டுச் சாமான்களை விற்றபோது வாங்கியது. நான் எஞ்சினியரிங் படித்து, கழக்கூட்டத்தில் ஓர் ஏசி அறையில் ஒரு வருடம் உட்கார்ந்து பார்த்து, முடியாமல் கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் பாறசாலைக்கே திரும்பி வந்தவன். வந்த பிறகு அலங்கார மீன் வளர்த்தேன், காளான் வளர்த்தேன். திருவனந்தபுரத்தில் மூன்று நாள் மண்பாண்ட வகுப்பு ஒன்றில் மண்ணில் கைவைத்ததும், இதுதான் நமக்கு என்று தோன்றிவிட்டது. மீனுக்கும் காளானுக்கும் அப்படியேதான் தோன்றியது.

அம்மா தடுக்கவில்லை. "மீன் செத்துச்சு, காளான் அழுகிச்சு. மண்ணுக்கு இந்த ரெண்டு தொந்தரவும் இல்ல. நீ வாங்குலே," என்றாள்.

அம்மா தையல்காரி. அப்பா போன பிறகு அந்த மெஷின்தான் எங்களை ஓட்டியது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் சபைப் பாடகர் குழுவின் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நிறத்தில் ரவிக்கை தைப்பது அவள்தான். சக்கரம் வீட்டுக்கு வந்த மாதத்திலேயே, துணி வெட்டும் மேசையின் முன் நின்றவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம், வலது பக்கம். ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது பேச்சு கொஞ்சம் குழறியது, கால் இழுத்தது. பிறகு பேச்சு தெளிந்தது, பிடித்துக்கொண்டு நடக்கவும் செய்தாள். வலது கை மட்டும் மூடியே இருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "கிறிஸ்மஸுக்குள்ள நான் கத்திரி பிடிப்பனா?"

வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் சேச்சி ஆரியங்கோட்டில் இருந்து ஸ்கூட்டரில் வருவார். பேச்சு முழுக்க மலையாளம் கலந்தது. அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்து, பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக நிமிர்த்துவார். "அயயட்டே அம்மே, விரல் அயயட்டே," என்பார். அயயட்டே என்றால் தளரட்டும், இறுக்கம் விடட்டும். போகும்போது வாசலில் நின்று என்னிடம் சொல்வார்: "தெவசம் நாலு தடவ இதுபோல அயச்சு விடணும் கேட்டோ. இந்த மாசங்கள் போயால் பின்னெ கை கிட்டாது."

தினமும் நாலு தடவை. நான் ஒரு தடவை செய்தால் அதிகம். இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை, அம்மாவின் கையை மடியில் வைத்து விரல் விரலாகத் தடவிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு அது கூச்சமாக இருந்தது. நோயைப் பார்த்து வரும் கூச்சம் இல்லை. விவரம் தெரிந்த பிறகு நான் அம்மாவின் கையைப் பிடித்ததே கிடையாது. அவளுக்கும் பிடிக்கவில்லை. "என்னலே, பிள்ளைக்கு விரல் எண்ணிக் குடுக்கிற மாதிரி. விடு, நானே செய்யுதேன்," என்று இழுத்துக்கொள்வாள். செய்யமாட்டாள் என்று எனக்குத் தெரியும். விட்டுவிடுவேன்.

சக்கரம் எங்கள் வாசல்பக்கச் சிட்அவுட்டில் இருந்தது. ஒரு நாள் காலையில் நான் மண்ணை நடுப்படுத்திக்கொண்டிருக்க, அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்து வேடிக்கை பார்த்தாள்.

"பானை ஆவுமாலே?"

"ஆவும்."

"நேத்தும் இதே சொன்ன."

நான் விளையாட்டுக்கு அவளுடைய வலது கையைப் பிடித்து, சுழலும் ஈர மண்ணின் மேல் வைத்தேன். மூடிய கைதான். மண் அதன் அடியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அரை நிமிடம் இருக்கும். சுண்டுவிரல் நீண்டது. பிறகு அடுத்தது. பெருவிரல்கூட வெளியே வந்தது. உள்ளங்கை முழுசாக மண்ணின் மேல் படிந்து கிடந்தது. அம்மா அந்தக் கையையே பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல.

அன்று முதல் தினமும் காலை பத்து மணிக்குக் குளித்து முடித்து வந்து உட்கார்ந்துவிடுவாள். "பானையும் வேண்டாம் சட்டியும் வேண்டாம், சும்மா கறங்கட்டு," என்பாள். சேச்சி பார்த்துவிட்டு, "இது கொள்ளாமல்லோ!" என்று சந்தோஷப்பட்டார். மூன்று வாரத்தில் அம்மா சீப்பைப் பிடித்தாள். கத்திரியின் வளையத்துக்குள் பெருவிரலை நுழைத்தாள். வெட்ட முடியவில்லை, ஆனால் நுழைத்தாள். எனக்கு நிம்மதி. கையை நான் பிடிக்க வேண்டியதில்லை, சக்கரம் பார்த்துக்கொண்டது.

அப்போதுதான் அது திணறத் தொடங்கியது. அழுத்தினால் வேகம் விழும், கரிந்த வாடை வரும். குட்ஸ் ஆட்டோவில் ஏற்றிக் காட்டாக்கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் எனக்குப் பழக்கம், மீன் தொட்டி மோட்டார்க் காலத்தில் இருந்தே. கழற்றிப் பார்த்து, உள்ளே இருந்த இரண்டு கார்பன் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தன.

"பிரஷ் தீந்நதாக்கும். மாத்தினா மதி, போதும்."

"பெல்ட்டும் பழசாக்கும் அண்ணா. புதுசு உண்டுமானா போட்டிருங்க."

"நோக்காம்," என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் குரல் செய்தி வந்தது. பின்னணியில் யாரோ இரும்பு அறுக்கிற சத்தம். "மோனே, பிரஷ் மாத்தி. மோட்டார் ஓகே. பெல்ட் அயச்சிட்டுண்டு. கிட்டினா முறுக்கிக்கோ." அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் சக்கரமும் வந்து இறங்கியது.

அடிப்பலகையைத் திறந்து பார்த்தேன். அதே பழைய பெல்ட், தொய்ந்துபோய்ப் புல்லி உருளையில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. கடிதம் அயச்சு, பார்சல் அயச்சு என்று கேட்டு வளர்ந்தவன். பழையது போய்விட்டது, புதியதை அயச்சிருக்கிறார், அனுப்பியிருக்கிறார். கூரியர் கிட்டியதும் நானே மாட்டி முறுக்கிக்கொள்ள வேண்டும். இதில் என்ன சந்தேகம்?

"நாளைக்கு வந்துரும்," என்று அம்மாவிடம் சொன்னேன்.

நாளைக்கு வரவில்லை. சும்மா இருக்க முடியாதவன் நான். மல்டிமீட்டரை எடுத்து வோல்டேஜ் பார்த்தேன், குறைவாக இருந்தது. ஸ்டெபிலைசர் வைத்தேன், தட்டு நின்றது. பெடலைப் பிரித்து, உள்ளே இருந்த மண்ணைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்தேன், நின்றது. கன்ட்ரோலர் பலகையின் ஒவ்வொரு முனையையும் தொட்டு அளந்து நோட்டில் படம் போட்டேன். நாலு வீடியோ பார்த்தேன். மோட்டாரைப் பின்னால் தள்ளிப் பெல்ட்டை இழுத்துப் பார்க்கலாமே என்று ஒரு தடவை தோன்றியது. பழைய பெல்ட், இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் அதுவும் இல்லாமல் போகும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதில் நான் செய்த புத்திசாலித்தனம், அடுத்த ரப்பர் விளையில் பால் வடிய வெட்டியிருந்த மரத்தின் சிரட்டையில் இருந்து இரண்டு விரல் பால் எடுத்து வந்து பெல்ட்டில் தடவியது. பிடிமானம் வரும் அல்லவா? பத்து நிமிடம் வந்தது. நான் கூவினேன். அம்மா கோலை ஊன்றிக்கொண்டு வருவதற்குள் பால் திரிந்து நூல் நூலாகப் புல்லியில் சுற்றி, வீடு முழுக்க நாறியது.

"காளான் இதைவிட மணமாட்டு இருந்துச்சு," என்றாள் அம்மா. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தினமும் பாறசாலை கூரியர் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அக்காவுக்கு என் தலையைக் கண்டாலே சிரிப்பு.

"தம்பி, பெல்ட் வரல்ல."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. அதுவரைக்கும் பேன்ட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."

ஐந்தாம் நாள் காட்டாக்கடை அண்ணனைக் கூப்பிட்டேன். அந்தப் பேச்சு ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"அண்ணா, பெல்ட் அயச்சதாக்குமா?"

"ஓ, அயச்சு."

"நீங்க தானா? இல்ல வேற ஆளுட்ட குடுத்தீங்களா?"

"ஞான் தன்னே. என்றெ கைகொண்டு அயச்சதாக்கும்."

"எப்போ?"

"வண்டியில கேத்துந்நதுக்கு முன்னே."

"நல்ல பெல்ட்தானே?"

"ஒண்ணாந்தரம். ரெண்டு வர்ஷத்துக்கு நோக்கவே வேண்டா."

"செரி அண்ணா."

"செரி மோனே."

இருவருக்கும் திருப்தி. அவர் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கோபமெல்லாம் கூரியர்காரர்கள் மேல்.

அந்த வாரம் சேச்சியும் வரவில்லை. வீட்டில் விசேஷம், அடுத்த வாரம் வாறேன் என்று சொல்லியிருந்தார். முதல் மூன்று நாள் அம்மா காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்து, "ஆச்சா மக்கா?" என்று கேட்டாள். நான் தலைநிமிராமல் "இப்போ ஆவும்" என்றேன். நாலாம் நாள் உள்ளே இருந்தபடியே கேட்டாள். அதன்பிறகு கேட்கவில்லை. ஒருமுறை சோறு வைத்துக் கொடுக்கும்போது, அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். "வலிக்குதாம்மா?" என்றேன். "மழைக்கு," என்றாள். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. நான் திரும்பி ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அவள் பக்கத்தில் ஒரு புளித்த வாடை வந்தது. ரப்பர் பால் வாடைதான் போகவில்லை என்று நினைத்து, சிட்அவுட்டை டெட்டால் போட்டுக் கழுவினேன்.

பதினொன்றாம் நாள் பொறுக்க முடியாமல் பைக்கை எடுத்துக்கொண்டு காட்டாக்கடைக்கே போனேன். கடையில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள்.

"அண்ணா, பெல்ட் எங்க?"

"நின்றெ சக்கரத்தில இல்லே?"

"அது பழசு. நீங்க அயச்ச பெல்ட்டைக் கேக்குதேன்."

"அதாக்கும் ஞான் அயச்சது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த ஒரு மாவு மெஷினின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்து ஒரு திருகு திருகினார். "இது முறுக்கு." எதிர்ப்பக்கம் திருகினார், பெல்ட் தொய்ந்தது. "இது அயப்பு. வண்டி குலுங்கும்போ மோட்டாரைப் பிடிச்சு இழுக்காம இருக்க அயச்சு விட்டதாக்கும். கிட்டினா முறுக்கிக்கோன்னு சொன்னேனே."

"கிட்டினான்னா..."

"சக்கரம் கிட்டினா!"

முதலில் சிரித்தது நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவர். பிறகு அண்ணன், "மோன் எஞ்சினியரிங் அல்லே படிச்சது?" என்று கேட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதை மறைக்க விருப்பம் இல்லை. பதினொரு நாள் மண்டையைக் குடைந்த விஷயம் தீர்ந்த சந்தோஷத்தில் நன்றாகவே சிரித்தேன்.

மதுரைக்காரனாக இருந்திருந்தால் அந்தச் சொல் புரியாமல் திருப்பிக் கேட்டிருப்பான். எனக்கு இரண்டு பாஷையும் தெரியும் என்பதால் கேட்கவில்லை. அனுப்பினாலும் அயச்சு, தளர்த்தினாலும் அயச்சு. இதில் தளர்த்துகிற அயச்சை வாரம் தவறாமல் என் வீட்டுக்குள்ளேயே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்காகவே சொன்னார்.

வீட்டுக்கு வந்து நேராகச் சக்கரத்தைக் கவிழ்த்தேன். நாலு போல்ட்டை இளக்கி, மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி, பெல்ட் விறைப்பானதும் முறுக்கினேன். நிமிர்த்தி மண்ணை அடித்து ஒட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். தட்டு நிற்கவில்லை.

"அம்மா! ஆச்சு! வா!"

அவள் உடனே வரவில்லை. நான் போய்க் கூட்டிவந்து நாற்காலியில் இருத்தினேன். வாளியில் வெந்நீர் கலந்து வைத்தேன். வலது கையை எடுத்து மண்ணின் மேல் வைத்தேன். அது கையாக இல்லை, மரக்கட்டைபோல இருந்தது. பெருவிரல் உள்ளே, அதன் மேல் நாலு விரலும் பூட்டியது மாதிரி. மண் அடியில் ஓடியது. அரை நிமிடம் ஆனது, ஒரு நிமிடம் ஆனது. விரல்முட்டியின் எலும்புகள் மண்ணில் பதிந்து ஒரு பள்ளத்தை வெட்டிக்கொண்டே போயின. விரல்கள் அசையவில்லை.

"வேகம் கூட்டட்டா?"

"வேண்டாம்லே."

நான் கூட்டினேன். மண் பிய்ந்து அவள் சேலையில் அடித்தது. காலை எடுத்துவிட்டு, சுண்டுவிரலின் அடியில் என் விரலை நுழைத்து நெம்பிப் பார்த்தேன். அம்மா கத்தினாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. கொஞ்சம் திறந்த அந்த இடுக்கில் இருந்து, இரண்டு மூன்று நாளாக நான் ரப்பர் பால் என்று நினைத்துக்கொண்டிருந்த வாடை வந்தது. நகங்கள் உள்ளங்கையில் வரிசையாகப் பதிந்து, தோல் வெளுத்து ஊறிக் கிடந்தது.

மறுநாள் சேச்சி வந்தார். கையை மடியில் வைத்தார், திருப்பிப் பார்த்தார். "அயயட்டே" என்று அன்று சொல்லவில்லை.

"இத்தற நாள் எந்து செய்தது?" என்று என்னைக் கேட்டார்.

சக்கரம் கேடாகிவிட்டது, பெல்ட் வரும் என்று இருந்தேன், அது வரவேண்டிய பெல்ட்டே இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். காட்டாக்கடையில் எல்லாரும் சிரித்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை.

"சக்கரம் இல்லேங்கில் போகட்டே. மண்ணு இல்லாருந்நோ?"

சிட்அவுட்டின் மூலையில் மண் மூட்டை இருந்தது. ஈரம் போகாமல் இருக்கப் பாலித்தீன் சுற்றி, பதினொரு நாளும் தண்ணீர் தெளித்து நான் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

"ஒரு பிடி மண்ணு சூடுவெள்ளத்தில நனச்சு அம்மேடெ கையில வெச்சு கொடுத்தா மதியாருந்நு. அதுக்கு கறண்டு வேணோ?"

போகும்போது வாசலில் நின்று, இது பதினொரு நாளில் மட்டும் வந்ததாக இருக்காது, எப்படியும் கொஞ்சம் இறுகியிருக்கும், மனசு விஷமிக்க வேண்டாம், வருத்தப்பட வேண்டாம் என்றார். நல்ல மனுஷி. அந்த "எப்படியும் கொஞ்சம்" என்பதில் என்னுடையது எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

டாக்டர் ஊசி போட்டார். ராத்திரி கட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பலகை கொடுத்தார்கள். இப்போது தினமும் நாலு தடவை நான் அம்மாவின் கையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். வெந்நீரில் நனைத்த ஒரு பிடி மண்ணை முஷ்டியின் வாயில் வைத்து, பெருவிரலில் தொடங்கிப் பையப் பையத் தள்ளுவேன். முதல் நாள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது திருப்புவதில்லை. கூச்சம் என்றைக்குப் போனது என்று எனக்குத் தெரியவில்லை, போனபோது அதற்குப் பெரிய உபயோகமும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு ரவிக்கைகளை நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் கொடுத்துத் தைத்தார்கள். துணி எடுத்த பெண்கள் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நிறத்தைக் காட்டினார்கள். அவள் துணியை இடது கையால் தடவிப் பார்த்து, "இது சாயம் போவும், முதல்ல தண்ணியில முக்கணும்னு கடைக்காரன்ட்ட சொல்லுங்க," என்றாள். அவர்கள் போன பிறகு கத்திரியைத் துணியில் சுற்றி மெஷினின் டிராயருக்குள் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பாதி திறக்கும். நடுவிரல் சில நாள் திறக்கும், சில நாள் திறக்காது. கடைசி இரண்டும் அப்படியே இருக்கின்றன.

சக்கரத்தை ஒரு பழைய போர்வையால் மூடி வைத்திருக்கிறேன். துருப்பிடிக்காமல் இருக்க அவ்வப்போது போட்டுப் பார்ப்பேன். ரெண்டு வர்ஷத்துக்கு நோக்கவே வேண்டா என்று காட்டாக்கடை அண்ணன் சொன்னது சரிதான். பெல்ட் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.